இன்னைக்கி யாரு பேசல?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டிய பதிவேடுகள் ஏராளம். பாடக்குறிப்பு, உற்றுநோக்கல் பதிவேடு, துணைக்கருவிகள், தனியாள் ஆய்வு என்று அடுக்கினால் ஒரு முழ உயரம் வரும். பக்கத்துக்குப் பக்கம் அடியில் வலது ஓரமாக ஒரு கோடு போட்டு, அதன் கீழ் ‘வழிகாட்டி ஆசிரியர் கையொப்பம்’ என்று இருக்கும். எனக்கு வாய்த்த வழிகாட்டி ஆசிரியர் எனக்காகச் செய்தவற்றில் ஆகச் சிறியது அந்தக் கையொப்பம். மற்றவற்றைக் குறிக்க அந்தப் பதிவேடுகளில் இடம் விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் வேலை பார்த்தது அமிர்திப் பக்கம், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. வெளியூர்க்காரர்களுக்கு அமிர்தி என்றால் வனத்துறை 1967-இல் தொடங்கிய சிறிய உயிரியல் பூங்காவும், நல்ல மழை பெய்தால் விழுகிற அருவியும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து மானையும் மயிலையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கேயே இருக்கிறவர்களின் வாழ்க்கை வேறு. மேல் பக்கத்து வீடுகள் சாமையையும் புளியையும் கடுக்காயையும் நம்பியவை. கீழ்ப் பக்கத்து வீடுகளில் பல அம்மாக்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பொழுது விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிள்ளைகளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டிகள்.

நான் போன காலைப் பேருந்தில் கூட்டம் அடுக்கம்பாறை வரைக்கும் நெருக்கும். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இறங்குவார்கள். அதற்கு முன்பே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இறங்கியிருப்பார்கள். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருப்பார்கள். நோயாளியின் கட்டிலருகே பெரிய டாக்டரோடு நின்று கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் அவர்கள். அதே பேருந்தில் நானும் கற்றுக்கொள்ளத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவர்களுக்குக் காத்திருக்கும் பெரிய டாக்டருக்கு, கற்றுக்கொடுப்பது வேலையின் ஒரு பங்கு. எனக்காகக் காத்திருந்த டீச்சருக்கு அப்படி இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அது ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருந்தால் போதும். வகுப்போ ஐந்து. தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொள்ள, டீச்சரிடம் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள், ஒரே அறையில். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு வகுப்புவாரியாகப் பிரிப்பதோடு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகவும் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் இருப்பான். ஒன்றாம் வகுப்புச் சிறுமி மொட்டை எட்டிப் பிடித்திருப்பாள். இவை அத்தனையையும் ஒரே ஆள் ஒரே கரும்பலகையை வைத்துக்கொண்டு நடத்த வேண்டும். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது அதன் அட்டைகளையும் ஏணிப்படியையும் வைத்துக் கற்பித்தவர் அவர். அதற்கு முன்பு எதுவும் இல்லாமலும் கற்பித்தவர். பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே இருந்தன.

முதல் வாரம் என்னைப் பாடம் எடுக்க விடவில்லை. உற்றுநோக்கல் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அதில் கட்டங்கள் இருக்கும்: பாட அறிமுகம், வினா கேட்கும் திறன், கரும்பலகைப் பயன்பாடு, வகுப்பு மேலாண்மை. எல்லாமே ஆசிரியரைப் பார்த்து நிரப்ப வேண்டிய கட்டங்கள். டீச்சர் அதை வாங்கி மூடி மேசைமேல் வைத்தார்.

“இத சாயங்காலம் எழுதிக்கலாம். என்னைப் பாக்காத. ஒரு புள்ளைய எடுத்துக்கோ. காலையிலேர்ந்து மணி அடிக்கிற வரைக்கும் அந்தப் புள்ளைய மட்டும் பாரு. இன்னா பண்ணுதுன்னு எங்கிட்ட சொல்லு.”

நான் தேர்ந்தெடுத்தது இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமியை. சுறுசுறுப்பானவள். ‘யார் படிப்பீங்க’ என்று கேட்டதும் கை முதலில் உயரும். எழுந்து நின்று பாடத்தைத் தங்குதடையின்றி வாசிப்பாள். அன்று மாலை டீச்சரிடம் அவளைப் பற்றி நன்றாகத்தான் சொன்னேன். அவர் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. “நாளைக்கும் அவளையே பாரு. கண்ணு எங்க போவுதுன்னு பாரு” என்றார்.

மறுநாள் அவள் கண்ணைப் பார்த்தேன். வாசிக்கும்போது அவள் பார்வை படத்தின்மேல் இருந்தது. விரல் வரியின் அடியில் நகர்ந்தது; ஆனால் வாய் ஒரு வார்த்தையைச் சொல்லும்போது விரல் வேறொரு வார்த்தையில் இருந்தது. மதியம் டீச்சர் அவளை அருகில் கூப்பிட்டு, என்னைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, ஒரு தாளால் பக்கத்தை மூடி, நடுவில் ஒரே ஒரு சொல் தெரியும்படி வைத்தார். பிள்ளையால் படிக்க முடியவில்லை. முழுப் பாடமும் மனப்பாடம். எழுத்தோ பாதிதான் தெரியும். பாட்டி வீட்டில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காது கூர்மை. ஒருமுறை கேட்டால் மனதில் நிற்கும். அந்தக் கூர்மையே அவளுடைய வாசிப்புக் குறையை மறைத்துவிட்டது.

டீச்சர் அவளைத் திட்டவில்லை. “நல்லா கேக்கற கண்ணு நீ. இப்ப பாக்கக் கத்துக்கலாம்” என்று சொல்லி, ட, ப, ம என்று எளிய கோடுகளால் ஆன எழுத்துகளிலிருந்து மறுபடியும் தொடங்கினார். படம், பட்டம், மடம். தாளை நகர்த்தி நகர்த்தி, எப்போதும் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படிக்க வைத்தார். அப்படிப் படித்தால் மனப்பாடம் உதவாது. எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த உத்தி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் செய்து காட்டியதாம்.

இரண்டாம் வாரம் பாடம் எடுக்கத் தொடங்கினேன். அவர் மேசைக்குப் போகவில்லை. பிள்ளைகளோடு பாயில், பின்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையில் நோட்டும் பேனாவும் இல்லை. நான் கேள்வி கேட்பேன். ஒரு பிள்ளை பதில் சொல்லும். சொல்லிவிட்டு உடனே தலையைத் திருப்பி டீச்சரைப் பார்க்கும். சரியா தப்பா என்று அந்த முகத்தில்தான் அதற்குத் தெரிய வேண்டும். ஆண்டுக்கணக்கில் பழகிய முகம் ஆயிற்றே. அந்த நேரத்தில் டீச்சர் செய்தது ஒன்றே ஒன்று. பிள்ளையைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார். முகத்தில் எந்தக் குறிப்பும் இராது. பதில் எங்கிருந்து வரும் என்று காத்திருக்கிற இன்னொரு மாணவியைப்போல என்னைப் பார்ப்பார். பிள்ளையும் அவர் பார்வை போன வழியே திரும்பி என்னைப் பார்க்கும்.

நாளாக ஆக, பிள்ளைகள் அவரைத் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஒரு வகுப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது அப்படித்தான் நடந்தது. இது எவ்வளவு பெரிய கொடை என்பது நானே ஒரு வகுப்புக்கு உரியவளான பிறகுதான் முழுதாகப் புரிந்தது. நம் பிள்ளைகள் நம்மைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கும்படி நாமே பார்த்துக்கொள்வது எளிதல்ல. தான் வளர்த்த வகுப்பை, இன்னும் தொழில் படியாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, குறுக்கிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பாடம் தடுமாறுகிற இடம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு தடவைகூட எழுந்து வந்து சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கியதில்லை.

கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பதை அவரிடம்தான் கற்றேன். அவருடைய வகுப்பில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஓர் அமைதி இருக்கும். கையிலிருக்கும் சாக்பீஸை விரல்களுக்கிடையில் மெதுவாக உருட்டுவார். வேகமான பிள்ளைகள் கை தூக்கினாலும் உருட்டுவதை நிறுத்தமாட்டார். மெதுவாக யோசிக்கிற பிள்ளையின் கை மேலே வருவதற்கு அந்த உருட்டல் போதும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் இதையே அளந்து பார்த்திருக்கிறார் என்று பின்னால் படித்தேன். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, தானாக முன்வந்து பேசும் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்று கண்டார். டீச்சருக்கு ரோவின் பெயர் தெரியாது. அவர் விரலுக்கு அந்த மூன்று நொடி தெரியும்.

கணக்கு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன், மலை மேலிருந்து இறங்கி வருகிறவன். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதியிருந்தான். நோட்டைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. சிவப்புப் பேனாவைத் திறக்கும்போது டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவனைக் கூப்பிட்டு, “எப்படிப் போட்ட, இந்த அக்காவுக்குச் சொல்லு” என்றார்.

“ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர். நாலுல ஒண்ணு போனா மூணு.”

பெரியதிலிருந்து சிறியதைத்தானே கழிக்க முடியும்? அவனுக்குக் கற்பித்ததும் அதுதான். 2-இலிருந்து 7-ஐ எடுக்க முடியாது என்பதால், எடுக்க முடிகிற பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறான். அவன் அளவில் அது ஒழுங்கான விதி. அந்தப் பக்கத்திலிருந்த மற்ற கணக்குகளையும் பார்த்தோம். எல்லாம் அதே விதிப்படி, ஒன்றுகூடப் பிசகாமல் தப்பு.

“பாத்தியா? பதில் தப்பு. ஆனா கண்ணமூடிக்கிட்டுப் போடல. அவன் தலைக்குள்ள ஒரு கணக்கு ஓடிக்கிட்டிருக்கு. நீ தப்புன்னு கோடு போட்டா, அந்தக் கணக்கு அப்படியே உள்ளயே இருக்கும்.”

பிறகு ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்து வந்தார். பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு கட்டு, உதிரி இரண்டு. “இதுலேர்ந்து பதினேழு குச்சி எங்கிட்ட குடு.” பையன் ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும். உதிரி இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். டீச்சர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவனாக ஒரு கட்டின் நூலை அவிழ்த்தான். மீதி இருபத்தைந்து. தன் நோட்டில் இருந்த 35-ஐப் பார்த்தான், குச்சிகளைப் பார்த்தான், 35-ஐ அவனே அடித்தான். அதன் பிறகு, எந்த நோட்டில் எந்தத் தவறைப் பார்த்தாலும் முதலில் பிள்ளையைக் கூப்பிட்டு ‘எப்படிப் போட்ட’ என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நேரம் பிடிக்கும். ஆனாலும் கேட்கிறேன்.

சார்ட் விஷயம் சிறியதுதான், இருந்தாலும் சொல்கிறேன். பதிவேட்டுக்காக மான் படம் வரைந்து கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் துணைக்கருவி வேண்டுமே. டீச்சர் அதைச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம், “இந்த மான்ல இன்னா விட்டுப் போயிருக்கு, சொல்லுங்க” என்றார். பூங்கா வேலிக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகள் அவர்கள். கொம்பு ஆணுக்குத்தான், அது விழுந்து மறுபடி முளைக்கும், முளைக்கிறபோது மேலே பூனை மயிர் மாதிரி இருக்கும், குட்டிக்கும் புள்ளி உண்டு என்று ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல, என்னிடமே கரிக்கட்டையைக் கொடுத்து வரைய வைத்தார்கள். அன்று மொழிப் பாடத்துக்கு வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் அந்தச் சுவரிலேயே கிடைத்துவிட்டன.

இனி அந்தக் கேள்வி. மாலை பள்ளி முடிந்ததும் பேருந்து வரும் வரை சாலையோரத்தில் நிற்போம். பாடம் எப்படி இருந்தது, நேரத்துக்குள் முடிந்ததா, கரும்பலகை எழுத்து நேராக இருந்ததா என்றெல்லாம் அவர் பேசுவார் என்று எதிர்பார்ப்பேன். அவர் கேட்பது எப்போதும் ஒன்றைத்தான்.

“இன்னைக்கி யாரு பேசல?”

பேசியவர்களைச் சொல்வது எளிது. பேசாதவர்களை நினைவில் கொண்டுவர, வகுப்பு முழுவதையும் மறுபடி வரிசை வரிசையாக மனத்தில் பார்க்க வேண்டும். ஜன்னல் ஓரம், தூண் மறைவு, பானைப் பக்கம். சில நாள் ஒரு பெயர் வரும், சில நாள் ஐந்து. இந்தக் கேள்வி மாலையில் வரும் என்று தெரிந்ததால், காலையிலேயே என் கண் அந்த இடங்களுக்குப் போகத் தொடங்கியது. பதிவேட்டின் கட்டங்கள் ஒருபோதும் என் கண்ணை அங்கே திருப்பியிருக்காது.

பேசாத பிள்ளை ஏன் பேசவில்லை என்பதற்கும் அவரிடம் வழி இருந்தது. 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு. “நீ பெல் அடிக்கறதுக்கு வராத, உப்புமாவுக்கு வா” என்றார். தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் பேசுவார்கள். நாய் குட்டி போட்டது, தாத்தா கீழே விழுந்தது, அம்மாவுக்கு ஓவர்டைம். பிறகு வகுப்பில் ஒரு சொல் கேட்கும்போது அந்த நாய்க்குட்டியிலிருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளையிடமிருந்து பதில் வரும்.

‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் பிள்ளைகளைப் பேச வைக்கத் திட்டமிட்டிருந்தேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது என் பாடக்குறிப்பில் முதல் வினா. முந்தின நாள் பாடக்குறிப்பைப் படித்துப் பார்த்த டீச்சர், அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். அதன் பிறகும் கூலிக்காக எங்கெங்கோ போனவர்கள், திரும்பாதவர்கள், சிறையில் இருப்பவர்கள் பற்றி இந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரியும். “எந்தப் புள்ளையோட அப்பா எங்க இருக்காருன்னு எனக்கே முழுசா தெரியாது. நாப்பது பேரு முன்னாடி அந்தப் புள்ள எழுந்து நின்னு இன்னா சொல்லும்?” என்றார். ‘உங்கள் வீட்டில் உங்களுக்கு யார் சோறு போடுவார்கள்’ என்று வினாவை மாற்றினோம். மறுநாள் பாட்டிகள், அத்தைகள், அக்காக்கள், பக்கத்து வீட்டு ஆயா என்று வகுப்பே நிறைந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள்.

வினா அமைக்கும் திறன் பற்றிப் பயிற்சிப் பள்ளியில் பல வகுப்புகள் படித்திருக்கிறேன். நல்ல வினா தெளிவாக, சுருக்கமாக, வயதுக்கேற்றதாக இருக்க வேண்டும் என்று படித்தேன். என் முதல் வினா மூன்றுக்கும் பொருந்தும். அது அந்த அறையில், அந்தப் பிள்ளைகள் முன் கேட்கக்கூடாத வினா என்பதை, அந்த ஊரில் இத்தனை ஆண்டு பாடம் எடுத்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டினால் ஒழிய யாரும் அறிய முடியாது.

என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறவர். பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, மடித்துப் பார்த்து, எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். உண்ணி கடித்த தடம், முள் கீறிய தடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாம் அவர் கைக்குத் தெரியும். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “பெரியவரு ஒருத்தரு பக்கத்துல நின்னுதான். ரெண்டு தோலைக் கையில குடுத்து இன்னா வித்தியாசம்னு கேப்பாரு. அவரு சொல்லமாட்டாரு. நான் சொல்ற வரைக்கும் அடுத்த தோலை எடுக்கமாட்டாரு” என்றார். டீச்சர் எனக்குச் செய்ததும் அதுதான். அந்தப் பெரியவருக்கும் டீச்சருக்கும் இருந்த ஒற்றுமை, இருவரும் தங்கள் வேகத்தை எனக்காகவும் அப்பாவுக்காகவும் குறைத்துக்கொண்டார்கள் என்பது. தொழிலில் கை தேர்ந்தவர்கள் இழக்க விரும்பாதது அந்த வேகத்தைத்தான்.

இந்த மண்ணில் இப்படி அருகில் இருந்து கற்பிப்பது புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் ஆசிரியர் அதைச் செய்ய முன்வராதபோது ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர். இங்கிலாந்துக்குப் போனதும் அந்த முறையின் மலிவுதான் பெரிதாகப் பேசப்பட்டது: ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பது. அருகில் உட்கார்ந்து கற்பிப்பதன் நெருக்கம் அந்தக் கணக்கில் கரைந்துபோனது என்பது என் எண்ணம். 1856-இல் வேப்பேரியில் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கி, அது பின்னால் சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்குப் பிறகு ஆசிரியராவது என்றால் பாடமும் தேர்வும் சான்றிதழும் என்றாகிவிட்டது. பள்ளியில் கழிக்கும் வாரங்கள் அதன் ஓரத்தில் ஒட்டிய ஒரு பகுதி.

அந்த வாரங்கள் இப்போது கூடியிருப்பது உண்மை. 2015 முதல் பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகள். அதில் பள்ளியில் இருக்க வேண்டியது 20 வாரங்கள். ஆனால் அந்த வாரங்களில் யாருடைய வகுப்பில் உட்காருகிறோம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பேருந்து வசதியும் காலி இடமும். என்னோடு படித்த ஒருத்திக்குக் கிடைத்த வழிகாட்டி ஆசிரியர், முதல் நாளே வகுப்பை அவளிடம் விட்டுவிட்டு அலுவலக அறைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்தல் வேலை, கூட்டங்கள் என்று குவிந்து கிடக்கும்போது உதவிக்கு ஒரு கை வந்தால் யாருக்கும் மூச்சு விடத் தோன்றும். என் டீச்சருக்கும் அதே வேலைகள் இருந்தன. செல்பேசியில் சிக்னல் கிடைக்காமல் பள்ளிக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று வருகை விவரத்தைப் பதிவேற்றுவார். என்னைப் பார்த்துக்கொள்வதற்காக அவருக்கு ஒரு பீரியடும் குறையவில்லை. பயிற்சி மாணவியிடம் எப்படிப் பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவருக்கு ஒரு மூத்த ஆசிரியர் வாய்த்திருந்தார்; அவ்வளவுதான். அப்படி ஒருவர் வாய்க்காதவர்களை எந்த நியாயத்தில் குறை சொல்வது?

பின்லாந்தில் பல்கலைக்கழகங்களே பயிற்சிக்கென்று பள்ளிகள் நடத்துகின்றன. அங்கே வேலை செய்யும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி மாணவர்களை வழிநடத்துவதும் பணி. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1963-இல் தொடங்கிய மைசூர் வட்டாரக் கல்வி நிறுவனம் தன் வளாகத்திலேயே ஒரு செயல்விளக்கப் பள்ளியை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போய்ப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளிகளை அப்படி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இப்படிப்பட்ட பள்ளியில்தான் நான் நாளை வேலை பார்க்கப் போகிறேன் என்றால், இப்படிப்பட்ட பள்ளியில்தான் கற்க வேண்டும். கணியம்பாடி வட்டாரக் கிராமங்களுக்கு சி.எம்.சி. தன் மருத்துவ மாணவர்களைப் பல பத்தாண்டுகளாக அனுப்புவது அதே காரணத்துக்காகத்தான். கூடவே கற்பிக்க ஆளையும் அனுப்புகிறார்கள். எங்களைத் தனியாக அனுப்பினார்கள். தேர்ந்த ஆசிரியர் யார் என்று ஒன்றியத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் சில மணி நேரத்தை அவர்களுக்கு விடுவித்து, அந்த நேரத்துக்கு மாற்று ஆசிரியர் ஒருவரைத் தந்தால் போதும். செலவு அதிகமில்லை. வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த மேடைகளில் நல்லாசிரியர்களைப் பற்றிப் பேசும்போது, இவர் எத்தனை ஆசிரியர்களை உருவாக்கினார் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். வருகிற பருவத்தில் எங்கள் பள்ளிக்குப் பயிற்சி மாணவிகள் வருகிறார்கள். ஒருத்தியை என் வகுப்பில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை, இன்னும் அனுபவப்பட்டவர்களிடம் அனுப்பலாம் என்று சொன்னேன். அவர்களுக்கும் வகுப்பு நிறைந்திருக்கிறது. டீச்சரிடம் போனில் பேசினேன். “எனக்கு மட்டும் யாரு நேரம் குடுத்தாங்க? ஆனா நீ கேட்டு வாங்கு” என்றார். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அந்த மாணவி இருக்கும் வாரங்களில் கடைசி பீரியடில் என் பிள்ளைகளை விளையாட்டுக்கு வேறொருவர் அழைத்துப் போக வேண்டும், அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் அன்றைய வகுப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மறுபடியும் கேட்பேன்.